படிக்கும்போதே பணி



அந்தக் காலத்தில் நம் தோட்டங்களில் காய்ச்சல் என்றால் டிரஸர் ஐயாதான் கதி. இன்று ஆஸ்பத்திரிகளில் உதவி மருத்துவ அதிகாரிகள் இருக்கிறார்கள். அதற்கு 3 ஆண்டு டிப்ளோமா. தாதியர் டிப்ளோமாவும் 3 ஆண்டுதான். படித்து முடித்த பிறகுதான் நோயாளி முகத்தைப் பார்ப்பது என்றில்லை. படிக்கும்போதே வார்டில் நின்று வேலை பழகணும். 2001-இல் தொடங்கிய எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகமும் நம் கெடாவில், பீடோங்கில்தான் இருக்கிறது.

"பொம்பளப் பிள்ளைக்கு ராத்திரி வேலை எதுக்கு சார்?" என்று ஒரு தகப்பனார் கேட்டார்.

"அண்ணே, உங்க அம்மா வார்டில் கிடந்தப்ப, நெஞ்சு அடைக்குதுன்னு தமிழில்தானே சொன்னாங்க? அதை டாக்டருக்கு மலாயில் எடுத்துச் சொன்னது யாரு? பயிற்சிக்கு வந்திருந்த தோட்டத்துப் பிள்ளைதானே!" என்றேன்.

அவர் ஒன்றும் பேசவில்லை. மறுவாரம் பாரத்தில் கையெழுத்துப் போட்டார்.

மாணவர்களே, அறிவியல், கணிதம், மலாய், ஆங்கிலம் நான்கையும் இப்போதே ஊன்றிப் படியுங்கள். இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸ் படையிலோ செம்பிறைச் சங்கத்திலோ சேர்ந்து முதலுதவி பழகுங்கள். தமிழையும் விட்டுவிடாதீர்கள். வார்டில் நம் பாட்டிமார் வலியைச் சொல்லும் மொழி அதுதான்.