ஒலிவாங்கியின் முன்னே ஒரு சர்வாதிகாரி



1932 ஆம் ஆண்டிலே, உலகப் பிரயாணம் ஒன்றின் நடுவில், சார்லி சாப்ளின் தம்முடைய தமையனார் சிட்னியோடு கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கினார். கண்டிக்கும் போய்ப் பார்த்துவிட்டு, சிங்கப்பூர், பாலி வழியாக ஜப்பானுக்குச் சென்றார். அவர் தோக்கியோவில் தங்கியிருந்த சமயம், மே மாதம் 15 ஆம் திகதி, ஜப்பானியக் கடற்படையின் இளம் அதிகாரிகள் சிலர் பிரதம மந்திரி இனுக்காயை அவருடைய வாசஸ்தலத்திலேயே புகுந்து சுட்டுக் கொன்றார்கள். விருந்தாளியாக வந்த சாப்ளினையும் கொன்றுவிட்டால் அமெரிக்காவோடு யுத்தம் மூளும் என்று அந்தச் சதிகாரர் யோசித்திருந்த செய்தி பின்னால் விசாரணையில் வெளியாயிற்று. சாப்ளினோ அமெரிக்கப் பிரஜையே அல்லர், இங்கிலாந்துக்காரர். ஆனால் கொலைக்குத் துணிந்தவர்கள் அத்தகைய அற்ப விஷயங்களை எங்கே விசாரிக்கப் போகிறார்கள்!

பத்து வருஷங்கள் கழித்து, 1942 ஏப்ரல் 5 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று காலையில், அதே கடற்படையின் விமானங்கள் கொழும்பின்மீது குண்டு வீசின. துறைமுகத்தோடு எங்கள் இரத்மலானையும் அவற்றுக்கு இலக்காயிற்று. விமான நிலையமும் ரெயில்வே வேர்க்‌ஷொப்பும் இங்கேதான் இருந்தன. எதிரி தலைக்குமேல் வந்த பிறகே இங்கிருந்த ஹரிக்கேன் விமானங்கள் அவசர அவசரமாக மேலெழும்பின. யுத்தம் என்பது பத்திரிகையிலே வாசிக்கும் சமாசாரம் அன்று என்பதை இவ்வூரார் உணர்ந்த தினம் அது. இந்த ஊரில் வசிப்பவன் என்ற உரிமையோடுதான், அந்த யுத்த காலத்தின் மகத்தான ஹாஸ்யப் படமாகிய, சாப்ளின் எடுத்த ‘த கிரேட் டிக்டேட்டர்’ பற்றி இன்று உங்களோடு சிறிது நேரம் பேச முன்வந்தேன்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டொமேனியா என்றொரு தேசம்; அதற்கு ஹிங்கல் என்றொரு சர்வாதிகாரி; அவனுடைய சாயலை அப்படியே உரித்துவைத்தாற்போல யூதர் தெருவிலே முடிதிருத்தும் ஏழை ஒருவன். இரு வேஷங்களையும் சாப்ளினே தாங்குகிறார். ஆள் மாறாட்டத்தினால் கடைசியில் அந்த ஏழையே சர்வாதிகாரியின் மேடையில் ஏற நேர்கிறது. ஹிட்லருக்கும் சாப்ளினுக்கும் இருந்த ஒரேவிதமான சிறு மீசை ஒருபுறமிருக்க, இருவரும் 1889 ஏப்ரலில் நான்கே நாள் இடைவெளியில் பிறந்தவர்கள் என்பதையும் நினைத்துக் கொண்டால், இப்படி ஒரு கதை அவருக்குத் தோன்றாமல் இருந்திருந்தால்தான் அதிசயம்.

படத்தைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும், சர்வாதிகாரி பூகோளப் பந்தைத் தூக்கிப்போட்டு நடனமாடும் காட்சியையே விசேஷமாகப் புகழ்வார்கள். புகழத்தக்கதுதான், அதை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன். வானொலி நாடகங்களுக்கு ஒலிச்சேர்க்கை செய்தே தலை நரைத்தவனாகிய எனக்கு, இது ஆதியோடந்தமாக வானொலியைப் பற்றிய படமாகவே தோன்றிவந்திருக்கிறது. என் தொழிற்பித்து என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனாலும் சற்றுக் கேளுங்கள்.

நம்முடைய தமிழ்ப்படம் ‘காளிதாஸ்’ மூலமாக 1931 இல் வாய் திறந்துவிட்டது. அதே வருஷத்தில் சாப்ளின் ‘சிட்டி லைட்ஸ்’ படத்தைப் பேச்சில்லாமலே வெளியிட்டார். 1936 இல் வந்த ‘மாடர்ன் டைம்ஸ்’ படத்திலும், ஒரே ஒரு பாட்டைப் பொருளில்லாத சொற்களால் பாடியதன்றி, அவர் பேசவில்லை. உலகமெல்லாம் பேசிக்கொண்டிருக்க அத்தனை காலம் மௌன விரதம் காத்த மனிதர், 1940 ஒக்டோபரில் நியூயோர்க்கில் வெளியான இந்தப் படத்தில்தான் முதன்முதலாக முழுமையாகப் பேசினார். பேச ஆரம்பித்ததும் அவர் பரிகசிக்க எடுத்துக்கொண்ட பொருள் என்ன தெரியுமா, நேயர்களே? பேச்சைத்தான்!

ஹிங்கல் மகாசபையில் நின்று கர்ச்சிக்கிறான். ஜெர்மன் பாஷைபோலத் தொனிக்கிறது. பாஷை அன்று, வெறும் தொண்டைச் சத்தம், நடுநடுவே இருமல். அந்த வேகத்தைத் தாங்கமாட்டாமல் அவனுக்கு எதிரே இருக்கும் ஒலிவாங்கிகள் தாமாகவே பின்னோக்கி வளைகின்றன. வானொலிக்கு அவன் பேச்சை மொழிபெயர்ப்பவன், அவன் நீண்ட நேரம் பல்லைக் கடித்து உறுமியதையெல்லாம், மேன்மைதங்கியவர் இப்போது யூத மக்களைக் குறித்துப் பேசினார் என்ற கருத்தில் ஒற்றை வாக்கியமாகச் சாவதானமாகச் சொல்லி முடிக்கிறான். நம் கூத்துகளிலே, ராஜா ஆர்ப்பாட்டமாகச் சபைக்கு வந்து தன் பெருமையை விருத்தத்தில் சொல்ல, பக்கத்தில் நிற்கும் கட்டியக்காரன் அதையே வாங்கி ஏதோ சாதாரணமாகச் சொல்லிச் சபையைச் சிரிக்கவைப்பதுண்டல்லவா? அவனுக்கு இவன் தூரத்து உறவினன்; ஆனால் நம் கட்டியக்காரன் சிரித்தவாறு ராஜாவை இறக்குகிறான், இவன் முகத்தில் ஒரு சலனமுமின்றி ராஜாவின் குரூரத்தை மறைக்கிறான்.

அந்த மகாசபைக் காட்சியில் வேறொரு நுட்பம் இருக்கிறது. ஆயிரக்கணக்கானோர் ஆரவாரம் செய்கிறார்கள். ஹிங்கல் கையை உயர்த்துகிறான். உடனே ஆரவாரம் கத்தியால் வெட்டியதுபோல அறுந்துபோகிறது. பல வருஷங்களுக்கு முன், இரத்மலானையில் ஒரு பாடசாலை மண்டபத்தில் இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினோம். எங்களோடு வேலைசெய்த முதிய ஒலிநுட்பக்காரர் ஒருவரும் வந்திருந்தார். ஆங்கிலம் அதிகம் அறியாதவர். பிள்ளைகளெல்லாம் ஒலிவாங்கி வளைந்ததற்குச் சிரிக்க, இவர் மட்டும் ஆரவாரம் அறுந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். வானொலி நாடகத்தில் ஜெயகோஷ இசைத்தட்டைப் போட்டால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தணித்துத்தான் நிறுத்தவேண்டும், உண்மையான சனக்கூட்டம் ஒருபோதும் ஒரே கணத்தில் ஓயாது என்று எங்களுக்குக் கற்பித்தவர் அவர். “தம்பி, அவங்கள் சனமில்லை, இசைத்தட்டு!” என்றார். இந்தப் படத்தைப் பற்றி எத்தனையோ விமரிசனங்கள் வாசித்திருக்கிறேன். இதற்கு மேலான ஒன்றை நான் கண்டதில்லை.

அதன்பின் படம் முழுவதும் காதைக் கொடுத்தே பார்க்கத் தொடங்கினேன். யூதர் தெருவிலே ஒலிபெருக்கிகள். முடிதிருத்துபவனும் அவன் விரும்பும் ஹன்னா என்ற பெண்ணும் நல்ல உடை உடுத்தி மாலை வேளையில் உலாவப் புறப்படும்போது, ஹிங்கலின் குரல் அவற்றின் வழியாகத் தெருவில் வந்து விழுகிறது. பேசுகிறவன் அங்கே இல்லை, குரல் மாத்திரமே. அதற்கே அந்த ஏழை அலமந்து ஓடி ஒரு பீப்பாய்க்குள் தலைகீழாகப் பாய்கிறான். சிரிக்கத்தான் சிரிக்கிறோம். ஆனால், வீட்டுக்குள்ளும் தெருவுக்குள்ளும் வந்துவிடுகிற குரல் எத்தகைய அதிகாரம் படைத்தது என்பதை, ஆண்டாண்டுகளாக உங்கள் வீடுகளுக்குள் குரலாக வந்துபோகிற எங்களைப் போன்றோர் அறியவேண்டாமா?

அதே வானொலி மற்றொரு காட்சியில் சங்கீதத்தையும் கொண்டுவருகிறது. பிராம்ஸ் என்னும் மேதையின் ஹங்கேரிய நடனம், ஐந்தாவது. அதன் தாளத்திற்கு ஏற்பச் சாப்ளின் ஒருவருக்குச் சவரம் செய்கிறார். நுரை பூசுவதும் கத்தி தீட்டுவதும் அதைக் கன்னத்தில் இழுப்பதும் எல்லாம் இடையறாமல் ஒரே வீச்சில் எடுத்த காட்சி. நாற்காலியில் இருப்பவருடைய முகத்தைக் கவனியுங்கள். கழுத்திலே கத்தி இருக்கும்போது சங்கீதத்தை ரசிக்கமுடியாது என்பது அந்த முகத்தில் தெரியும்.

தமிழிலும் யுத்தப் படங்கள் எழுந்தன. கச்சா பிலிம் தட்டுப்பாட்டினால் படத்தின் நீளத்தை 11,000 அடிக்குள் அரசாங்கம் கட்டுப்படுத்தியிருந்த அந்தக் காலத்தில், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ‘பர்மா ராணி’யை 1945 இல் வெளியிட்டது, அதன் அதிபர் டி. ஆர். சுந்தரம் தாமே ஜப்பானியத் தளபதியாக வேஷம் கட்டினார். அதே வருஷத்தில் கே. சுப்பிரமணியத்தின் ‘மானசம்ரக்ஷணம்’ வந்தது. இவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் யுத்தத்தில் இறங்கிவிட்ட அரசாங்கத்தின் நிழலில் நின்று அதன் எதிரியைச் சாடுவது ஒன்று. அமெரிக்கா இன்னும் நடுநிலை பேசிக்கொண்டிருந்தபோது, 1939 செப்டெம்பரில், தம் சொந்தப் பணத்தைக் கொட்டி ஹிட்லரைப் பரிகசிக்கப் படப்பிடிப்பைத் தொடங்குவது வேறொன்று. பின்னாளில், 1964 இல் வெளிவந்த சுயசரிதையில், சித்திரவதை முகாம்களின் உண்மையான கோரம் அப்போதே தெரிந்திருந்தால் இப்படத்தைத் தம்மால் எடுத்திருக்க முடியாது என்று சாப்ளினே எழுதினார். அந்த வாக்குமூலத்தை நான் மதிக்கிறேன். என்றாலும் அவருக்கு அது தெரியாதிருந்ததே நமக்கு வாய்த்த பேறு என்று சொல்லத் துணிகிறேன்.

நாப்பலோனி என்ற இன்னொரு சர்வாதிகாரியோடு நடக்கும் நாற்காலிப் போட்டியைப் பற்றிச் சொல்ல நினைத்திருந்தேன். கலையகக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து நேரம் காட்டுகிறார்கள். ஆகவே முடிவுப் பிரசங்கத்துக்கு வந்துவிடுகிறேன்.

மேடையில் ஏறிய ஏழை முதலில் பேசத் தயங்குகிறான்; பிறகு, தான் சக்கரவர்த்தியாக விரும்பவில்லை என்று மெல்லத் தொடங்கி, அன்பைப் பற்றியும் விடுதலையைப் பற்றியும் பேசுகிறான். ஹாஸ்யப் படத்தில் உபதேசம் எதற்கு என்று அக்காலத்து விமரிசகர் பலர் முகஞ்சுளித்தார்கள். என் சங்கடம் வேறு. அவன் பேசப் பேசக் குரல் உயர்கிறது, கை வீசுகிறது, கண்ணில் கனல் பறக்கிறது. ஹிங்கலின் சேனையேதான் இவனுக்கும் ஆரவாரிக்கிறது. பூகோளப் பந்தோடு சர்வாதிகாரி ஆடியபோது ஒலித்த வாக்னரின் சங்கீதமே இங்கும் மீண்டும் ஒலிக்கிறது. நல்ல சொற்களுக்குக் கிடைத்த வெற்றியா இது, நல்ல குரலுக்கு மாத்திரம் கிடைத்ததா? சாப்ளின் தெரிந்தே இந்த ஐயத்தை நமக்கு விட்டுவைத்தார் என்றே நான் நம்புகிறேன். அந்த முதிய நண்பர் இருந்திருந்தால் கேட்டிருப்பேன். அவர் இன்று இல்லை.

எனவே உங்களைத்தான் கேட்கவேண்டியிருக்கிறது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ எங்கிருந்தாலும், பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தப் படத்தை ஒருமுறை பாருங்கள். அந்த வளையும் ஒலிவாங்கியைக் கண்டு அவர்கள் சிரிக்கட்டும். கடைசிப் பிரசங்கம் வரும்போது மட்டும் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, சாப்ளினுடைய குரலை விட்டுவிட்டு, கூட்டத்தின் சத்தத்தைக் கவனித்துக் கேளுங்கள். அது சனமா, இசைத்தட்டா என்று உங்களுக்குத் தோன்றியதை வானொலி நிலையத்தின் முகவரிக்கு ஒரு தபாலட்டையில் எழுதி அனுப்புங்கள்.