நோயாளியின் பக்கத்தில் நாம்
(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



நோயாளர் பராமரிப்பைப் பற்றிப் பேசப் போகின்றோம் என்று அறிந்த நண்பர் ஒருவர், "அது தாதிமாருக்குரிய விஷயமல்லவா, உமக்கேன்?" என்று கேட்டார். வள்ளுவர் அப்படி நினைக்கவில்லை. மருந்து என்னும் அதிகாரத்தின் முடிவில் மருத்துவத்தை நான்கு கூறாக்கிய அவர், நோயாளி, வைத்தியன், மருந்து என்பவற்றோடு, பக்கத்திலிருந்து பணிசெய்பவனையும் ஓர் அங்கமாகவே வைத்தார். புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரும் தாதியம் பற்றிய தமது சிறு நூலைத் தொழில்முறைத் தாதியருக்காக எழுதவில்லை. வீட்டில் நோயாளியைப் பார்க்கும் சாதாரணப் பெண்களுக்காகவே எழுதினார். ஆகவே, ஞாயிறுதோறும் வைத்தியசாலைக்கும் நோயாளர் வீடுகளுக்கும் செல்லும் எமது தொண்டர்களுக்கு இவ்விஷயம் அந்நியமன்று.

சயரோகத்தை, இன்று காசநோய் என்கிறோமே அதனை, உதாரணமாக எடுத்துக்கொள்வோம். எமது வீடுகளில் இந்நோய் வந்தால் முதலில் நடப்பது என்ன? கோப்பையும் தட்டும் தனியாக்கப்படும். நோயாளி மூலை அறைக்கு அனுப்பப்படுவார். காற்றுப்படும் என்று யன்னலும் சாத்தப்படும். செய்யவேண்டியது இதற்கு நேர்மாறு. சயரோகம் தட்டினாலும் கோப்பையாலும் பரவுவதில்லை. நோயாளி இருமும்போது வெளிவரும் நுண்டுளிகள் காற்றில் மிதந்து, அதனைச் சுவாசிப்பவரிடம் பரவுகின்றது. ஆகவே யன்னலைத் திறத்தலும், இருமும்போது வாயை மூடப் பழக்குதலும், சளியை மூடியுள்ள பாத்திரத்தில் சேர்த்து அழித்தலுமே பராமரிப்பு. முறையாக மருந்துண்ணும் நோயாளியிடமிருந்து நோய் தொற்றும் தன்மை பெரும்பாலும் சில வாரங்களிலேயே குறைந்துவிடும். ஆனால் மருந்தை ஆறு மாதம் உண்ணவேண்டும்: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், பின்னர் நான்கு மாதம் இரண்டு. இருமல் நின்றதும் மருந்தை நிறுத்துகிறவரிடத்தில் எஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதனவாய் மாறக்கூடும். அப்பொழுது சிகிச்சை இன்னும் நீளும், இன்னும் கடுமையாகும்.

இனிக் கற்பித்தல். சென்ற ஆண்டு நாம் துணைக்குச் சென்ற ஓர் இளைஞரிடம் தாதி ஒருவர் பேசியதைக் கேட்டோம். (அவருடைய ஊரையும் தொழிலையும் இங்கே சொல்லமாட்டோம், காரணம் பின்னர் விளங்கும்.) மருந்தைக் கையில் கொடுத்துவிட்டு, "தம்பி, நாளைக்குச் சலம் செம்மஞ்சளாய்ப் போகும். இரத்தமெண்டு பயப்பிடாதையும், அது மருந்தின்ரை நிறம்" என்றார். அதனோடு விட்டாரா? இல்லை. "வீட்டை போய் அம்மாவுக்கு என்னெண்டு சொல்லுவீர்? எனக்குச் சொல்லிக்காட்டும் பாப்பம்" என்று கேட்டு, இளைஞர் பிழையாகச் சொன்ன இடத்தைத் திருத்தி, மீண்டும் சொல்லவைத்தார். றிஃபாம்பிசின் என்னும் அம்மருந்தைப் பற்றி அவ்வொரு வார்த்தை சொல்லாமல் விட்டிருந்தால், அவர் மறுநாளே பயந்து மருந்தை எறிந்திருப்பார். நோயாளியின் மொழியில் சொல்லி, அவர் வாயாலேயே திருப்பிக் கேட்பதுதான் கற்பித்தல். 1847இல் இலங்கைக்கு வந்து மானிப்பாயில் வைத்தியம் செய்த டாக்டர் சாமுவேல் கிறீன், தாம் தமிழ் கற்றதுமன்றி, மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கித் தமிழிலேயே மாணவரைப் பயிற்றினார். மிஷன் பாடசாலையில் படித்த எமக்கு அவர் பெயர் சிறு வயதிலேயே பழக்கம். ஆயினும் அவர் பட்ட பாட்டின் பொருள் அத்தாதியைக் கண்ட அன்றே விளங்கிற்று.

இப்பொழுது எமது குற்றத்திற்கு வருகின்றோம்.

அவ்விளைஞர் இரண்டு மாதம் ஒழுங்காக மருந்துண்டார். இருமல் குறைந்தது, உடம்பு தேறிற்று. அவ்வேளையில் எம்முள் ஒருவர், அக்குடும்பத்துக்குப் பணஞ் சேர்க்கும் நல்லெண்ணத்தோடு, வாசிகசாலையில் நால்வர் முன்னிலையில் அவருக்கு என்ன நோய் என்பதைச் சொல்லிவிட்டார். சொன்னவர் ஒருவரே, கூட இருந்து தடுக்காத நாம் ஐவர். மாலைக்குள் ஒழுங்கை முழுவதும் அறிந்தது. முதலாளி, "கொஞ்ச நாளைக்கு வரவேண்டாம்" என்றார். தங்கைக்குப் பேசிய சம்பந்தம் தள்ளிப்போயிற்று. சிகிச்சை நிலையத்து வாசலில் தன்னைக் கண்டால் சொன்னது மெய்யென்று ஆகிவிடுமே என்று இளைஞர் அங்கே போவதையே நிறுத்திவிட்டார். சுகாதாரப் பரிசோதகர் தேடிப் பிடிப்பதற்குள் ஐந்து வாரங்கள் கழிந்தன. இருமல் மீண்டிருந்தது, வீட்டில் ஒரு குழந்தையும் இருந்தது. பணம் சேர்ந்ததா என்றால், சேர்ந்தது. அவர் அதை வாங்கவில்லை.

அவர் மீண்டும் சிகிச்சைக்குச் சேர்ந்து, இம்முறை முடித்துவிட்டார். குழந்தைக்கும் தொற்றவில்லை. எம்மோடு பேசுவதில்லை.

அந்தரங்கம் காத்தல் நாகரிகத்துக்காகச் செய்யும் மரியாதை என்றே நாம் அதுவரை எண்ணியிருந்தோம். யன்னலைத் திறப்பதுபோல அதுவும் சிகிச்சையின் பகுதி என்று அன்று அறிந்தோம். தன் சொல் வெளியே போகும் என்று அஞ்சுகிற நோயாளி இரத்தமாய்த் துப்பியதையும் சொல்லார், மருந்தை விட்டதையும் சொல்லார். அவர் சொல்லாததற்கு எந்த வைத்தியர் மருந்து கொடுப்பார்? நைற்றிங்கேல் அம்மையார் அந்த நூலிலேயே, நோயாளியைப் பற்றிக் கேட்க உரிமையுள்ளவர்க்கன்றி வேறெவர்க்கும் தாதி விடை கூறலாகாது என்று எழுதிவைத்தார். எமது ஊரிலோ, "என்ன வருத்தமாம்?" என்று கேளாதவர் அன்பில்லாதவராகி விடுகிறார்! பார்வையாளர் நேரத்தில் ஒரு கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று, அடுத்த கட்டிலாரையும் சேர்த்தல்லவா விசாரிக்கின்றோம்? பெரியோர்கள் பொறுத்தருள்க, இப்பழக்கத்தில் இளைஞர் உங்கள் மாணாக்கரே.

முடிவாக ஒரு பிரேரணை. எமது தொண்டர் குறிப்பேட்டில் மூன்று நிரல்கள் உள்ளன: பெயர், விலாசம், வருத்தம். மூன்றாவதை இன்றே அடித்துவிட்டு, அவ்விடத்தில் "தேவையான உதவி" என்று எழுதவேண்டும். பஸ் செலவோ, அரிசியோ, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளோ, எது வேண்டுமென்று அறிந்தாற் போதும். நோயின் பெயர் தெரியாமலே அதனைக் கொடுக்கலாம். வாசிகசாலை மேசையில் எவரும் புரட்டக் கிடக்கும் பழைய குறிப்பேட்டைச் செயலாளர் இன்றிரவே அலுமாரியில் வைத்துப் பூட்டவேண்டும். இதனை வழிமொழிபவர் உளரா எனத் தலைவர் அவர்கள் கேட்பாராக.