காலம் கலையாமல் சுருதி திருத்துதல்



பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய நம்மவர் இல்லங்கள் பலவற்றில், ஊரிலிருந்த பாட்டியாரின் குரல் ஒலிப்பதிவாகக் காக்கப்பட்டு வருகிறது. தாலாட்டோ நலங்குப் பாட்டோ, அது எந்த ஏட்டிலும் ஏறாததாக இருக்கலாம். பாடியவர் மறைந்த பின், பேரக் குழந்தைகளுக்கு அப்பதிவு ஒன்றே ஆசானாகிறது. ஆனால் குழந்தை சுருதிப் பெட்டியை ஒலிக்கவிட்டு அதனோடு சேர்ந்து பாட முயலும்போது ஓர் இடர்ப்பாடு எழுகின்றது. துணைச் சுருதி இன்றிப் பாடுவோரின் குரல் சிறிது சிறிதாக இறங்கிவிடுவதுண்டு. தொடக்கத்தில் இணைந்த பாட்டு முடிவில் இணைவதில்லை.

இதனை நேர்செய்ய இயலுமா? பழைய இசைத்தட்டில் சுருதியும் காலமும் ஒன்றோடொன்று பிணைந்தவை. தட்டை விரைந்து சுழற்றினால் சுருதி ஏறும், பாட்டும் விரையும். ஐந்து கட்டைப் பாட்டை ஐந்தரைக் கட்டைக்கு உயர்த்த ஏறக்குறைய 6 விழுக்காடு வேகம் கூட்டவேண்டும். அப்போது 6 நிமிடப் பாட்டு 5 நிமிடம் 40 விநாடியில் முடிந்துவிடும். இப்பிணைப்பை அவிழ்க்கும் முறைகளுள் ஒன்று, பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃபிளானகன், கோல்டன் இருவரும் 1966 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஃபேஸ் வோகோடர்' என்பதாகும்.

தனிக் குரலுக்கு வேறோர் எளிய முறை உண்டு. கணிப்பொறி, குரல்நாண்களின் ஒவ்வோர் அதிர்வையும் சுற்றிப் பதிவைச் சிறு துண்டுகளாக்குகிறது. அத்துண்டுகளைச் சற்றே நெருக்கி, ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு அடுக்கினால் சுருதி ஏறும். குறைகின்ற நேரத்தை ஈடுசெய்ய, இடையிடையே ஒரு துண்டு இருமுறை வைக்கப்படும். பூக்களை நெருக்கித் தொடுப்பவர், மாலையின் நீளம் குறையாதிருக்க மேலும் சில பூக்களைச் சேர்ப்பதை இதற்கு உவமையாகக் கூறலாம். பூவின் வடிவம் மாறாதது போலத் துண்டின் வடிவமும் மாறாமையால், குரலின் இயல்பு பெரும்பாலும் கெடுவதில்லை.

குரல் சிறுகச் சிறுக இறங்கியிருக்க, பாட்டு முழுவதையும் ஒரே அளவாக உயர்த்துவது பயன் தராது. இவ்விடத்தில்தான் கட்டளை நிரல் துணைசெய்கின்றது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்துப் பால் பூர்ஸ்மா, டேவிட் வேனிங்க் ஆகியோர் ஆக்கி இலவசமாக வழங்கும் 'பிராட்' என்னும் மென்பொருள் இத்தகைய நிரல்களை ஏற்கும். பாட்டு ஆதார சுருதியில் வந்து நிற்கும் இடங்களை நாம் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் ஒவ்வோரிடத்திலும் உள்ள குறையை அளந்து பட்டியலிட வேண்டும். தொடக்கத்தில் விநாடிக்கு 200 ஆக இருந்த அதிர்வு, 5 ஆவது நிமிடத்தில் 194.3 ஆனது எனக் கொள்வோம். குறை, அரைக்கட்டையில் பாதி. இறக்கம் ஒரே சீராக இருந்தால், நிரல் தொடக்கத்தில் எதனையும் கூட்டாது. இரண்டரை நிமிடத்தில் அரைக்கட்டையின் காற்பங்கையும், முடிவில் பாதியையும் கூட்டும். சீராக இல்லையெனில், பட்டியலின் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து செல்லும். எங்கேனும் பிசகினால் ஓர் எண்ணை மாற்றி மீண்டும் இயக்கினால் போதும்.

மூன்று எச்சரிக்கைகள் தேவை. ஒவ்வொரு சுரத்தையும் பிடித்து நேராக நிறுத்தலாகாது. நிறுத்தினால் அசைவும் குழைவும் அழிந்து, பாட்டியாரின் பாட்டு பிறர் பாட்டாகிவிடும். பக்கவாத்தியங்கள் கலந்த பதிவுக்குத் துண்டடுக்கும் முறை ஒவ்வாது. ஒலிநாடாக் கருவி தளர்ந்து ஓடியதால் நேர்ந்த குறையாயின், சுருதியோடு காலமும் தாழ்ந்திருக்கும். ஆங்கே வேகத்தையே திருத்தவேண்டும்.

திருத்திய படி, குழந்தையின் பயிற்சிக்கு உரியது. மூலப் பதிவை மாற்றாமல், திருத்தப் பட்டியலோடு சேர்த்துத் தனியே காப்போமாக. சுருதி இறங்கிய இடங்களிலும் பாடியவரின் மூச்சும் முதுமையும் பதிந்திருக்கின்றன. அவற்றையும் நம் பிள்ளைகள் ஒரு நாள் கேட்க விரும்புவார்கள்.