சக்கரம் ஏன் அதிர்கிறது?

(வாடகைக் கார் ஓட்டுநர்களுக்கான உரை)



ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை ஒரு நெடுஞ்சாலை போகிறது. அதன் எண் 44. அது நாக்பூர் வழியாகப் போகிறது. நாக்பூருக்குத் தெற்கே, அதே சாலையில், இங்கன்காட் என்ற ஊர் இருக்கிறது. அது பருத்தி விளையும் பகுதி. சுற்றிலும் கரிசல் மண். இந்தச் சாலையில் வாடகைக் கார் ஓட்டும் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

மழைக்காலம். வயல் ஓரம் வரை ஒரு சவாரி போய் வந்தார். மறுநாள் நெடுஞ்சாலையில் ஏறினார். வேகம் 75 கிலோமீட்டரைத் தொட்டது. ஸ்டீயரிங் கையில் துடித்தது. வேகத்தைக் குறைத்தார். துடிப்பு அடங்கியது. ஆனாலும் ஊருக்குள் 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது வண்டி லேசாகத் துள்ளியது. ரோட்டுக் குழி என்று விட்டுவிட்டார்.

"ஸ்டீயரிங் பாகங்கள் தேய்ந்து போச்சு. எல்லாத்தையும் மாற்றணும்" என்றார் தெரிந்தவர் ஒருவர். அதற்கு ஆயிரக்கணக்கில் செலவாகும். ஓட்டுநர் மாதத் தவணை கட்டுகிறவர். என்ன செய்வார்?

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்வோம். கயிற்றில் சின்னக் கல்லைக் கட்டிச் சுழற்றுங்கள். கல் கையை இழுக்கும். வேகமாகச் சுழற்றினால் இன்னும் பலமாக இழுக்கும். கல்லின் எடை கூடியதா? இல்லை. வேகம்தான் கூடியது. வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்காகும்.

கார்ச் சக்கரமும் அப்படித்தான். 80 கிலோமீட்டர் வேகத்தில் சிறிய காரின் சக்கரம் ஒரு விநாடிக்கு 12 தடவைக்கு மேல் சுற்றுகிறது. ரிம்மின் ஓரத்தில் ஒரே இடத்தில் 30 கிராம் அதிகம் இருக்கிறது என்று வையுங்கள். அந்த 30 கிராம் சுமார் மூன்றரைக் கிலோ பலத்தோடு வெளியே இழுக்கும். ஒரு சுற்றில் மேலே இழுக்கும், கீழே இழுக்கும். கை துடிக்காமல் என்ன செய்யும்? 40 கிலோமீட்டர் வேகத்தில் அதே இழுப்பு ஒரு கிலோகூட இருக்காது. அதனால்தான் மெதுவாகப் போனால் தெரிவதில்லை.

இந்த எடையைச் சமன் செய்வதுதான் வீல் பேலன்சிங். சிலர் இதையும் வீல் அலைன்மென்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். இரண்டும் வேறு. வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் முதலில் காற்றைப் பாருங்கள். பிறகு அலைன்மென்டைப் பாருங்கள். வேகத்தில் மட்டும் அதிர்ந்தால் பேலன்சிங். பிரேக் போடும்போது மட்டும் அதிர்ந்தால் பிரேக் டிஸ்க்கைப் பாருங்கள்.

எந்தச் சக்கரம்? அதையும் வண்டியே சொல்லும். ஸ்டீயரிங் துடித்தால் பெரும்பாலும் முன் சக்கரம். இருக்கையும் தரையும் அதிர்ந்தால் பெரும்பாலும் பின் சக்கரம். சந்தேகமா? முன் சக்கரத்தைப் பின்னால் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். துடிப்பும் இடம் மாறினால் அந்தச் சக்கரம்தான். இதற்கு எந்திரம் வேண்டாம். ஜாக்கி போதும்.

நம் ஓட்டுநர் பேலன்சிங் கடைக்குப் போனார். இடது முன் சக்கரத்தைக் கழற்றி எந்திரத்தில் மாட்டினார்கள். சக்கரத்துக்கு அகலம் உண்டு அல்லவா? அதனால் எந்திரம் இரண்டு எண்களைக் காட்டும். ஒன்று ரிம்மின் உள்பக்கத்துக்கு, மற்றது வெளிப்பக்கத்துக்கு. வெளியே 20 என்று காட்டியது. உள்ளே 90.

நாக்பூர்ப் பக்கம் அண்ணனைப் 'பாவூ' என்பார்கள். "பாவூ, எடை வைத்துவிடட்டுமா?" என்று கேட்டான் கடைப் பையன். அவன் மேல் தப்பில்லை. எந்திரம் 90 கேட்டது. அவன் 90 கொடுக்கப் போனான்.

ஓட்டுநர் எண்ணைப் படித்தார். "90 ரொம்ப அதிகமாச்சே தம்பி? கொஞ்சம் பொறு" என்றார். காரில் ஒரு பக்கத்துக்கு 10 கிராம், 20 கிராம், 40 கிராம் கேட்பது வழக்கம். அதற்கு மேலே போகப் போக, எடை வைக்கும் முன் காரணம் தேட வேண்டும்.

ரிம்மின் உள்பக்கம் பார்த்தார்கள். கரிசல் மண் உள்ளங்கை அளவுக்கு அப்பிக் காய்ந்திருந்தது. சுரண்டிக் கழுவினார்கள். மறுபடி சுழற்றினார்கள். 15 காட்டியது! மண்ணோடு 90 கிராம் வைத்திருந்தால் என்ன ஆகும்? வழியில் மண் உதிரும். ஈயக் கட்டி மட்டும் நிற்கும். மறுபடியும் துடிக்கும்.

வலது முன் சக்கரம் 80 கேட்டது. அதில் மண் இல்லை. டயரின் காற்றை இறக்கி, ரிம்மில் அரைச் சுற்று திருப்பிப் போட்டார்கள். டயரின் கனமான இடமும் ரிம்மின் கனமான இடமும் ஒன்றாகச் சேர்ந்திருந்தால் இதில் பாதிப் பிரச்சினை தீரும். இங்கே தீரவில்லை. ரிம் வளைந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். நேராகத்தான் ஓடியது. பிறகு டயரின் மேல் ஒரு குச்சியை அசையாமல் பிடித்து, கையால் சுழற்றினார்கள். ஓர் இடத்தில் டயர் குச்சியை முட்டியது. அங்கே சிறு வீக்கம். உள்ளே கம்பி அடுக்கு பிரிந்திருந்தது. 30 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி துள்ளியதும் இதனால்தான். ரோட்டின் மேல் பழி போட்டாயிற்று!

வீங்கிய டயருக்கு எடை வைத்து ஓட்டலாமா? கூடவே கூடாது. நான்கு பேரோடு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அது வெடித்தால் என்ன ஆகும்?

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். ஒரு பக்கம் இல்லாவிட்டால் மறுபக்கம் தேடுங்கள். 2315 என்றால் 2015ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. முதல் இரண்டும் வாரம். கடைசி இரண்டும் ஆண்டு. பழைய டயர் வாங்குவோர் இதைப் படிக்காமல் பணம் கொடுக்க வேண்டாம். நம் ஓட்டுநர் அதற்கு முன்பு படித்ததில்லை. அன்று படித்தார். ஸ்டெப்னியை மாட்டிச் சமன் செய்துகொண்டார். புது டயருக்குச் செலவு வந்தது. ஸ்டீயரிங் பாகங்களுக்கு வரவில்லை.

பஞ்சர் கடைக்குப் போகும்போது சாக்குக்கட்டி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். டயரைக் கழற்றும் முன் வால்வுக்கு நேராக டயரில் கோடு போடுங்கள். திரும்பப் போடும்போது அந்தக் கோடு வால்வுக்கு நேராக வரட்டும். இல்லாவிட்டால் செய்த பேலன்சிங் போய்விடும். புது டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது லேசான இடம். அதை வால்வுக்கு நேராக வைப்பார்கள். சக்கர நட்டுகளை வரிசையாக முறுக்காமல் எதிரெதிராக முறுக்கச் சொல்லுங்கள். 50 கிலோமீட்டர் ஓட்டியபின் ஓரமாக நிறுத்தி, நட்டுகளை இன்னொரு தடவை முறுக்கிப் பாருங்கள்.