படலைக்கு வெளியே ஒரு வாங்கு

(நூற்றாண்டு விழாவில், மருத்துவத்துறையிலுள்ள பழைய மாணவியர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



1995 ஒக்டோபர் 30 இரவு, மழையில், பாடப்புத்தகங்களை உடுப்புப் பைக்குள் திணித்துக்கொண்டு கண்டி வீதியால் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தவர்களில் எமது வகுப்பும் அடக்கம். அன்று அரியாலை எமக்குக் கடந்துபோக வேண்டிய ஓர் இடம் மட்டுமே. இருபது வருடங்களுக்குப் பிறகு அதே ஊருக்கு வைத்தியர்களாகத் திரும்பிப் போனோம். பூட்டிய வீடுகள், அவற்றுக்கு நடுவே தனித்திருக்கும் ஆச்சிமார், பேப்பர் வராத சனசமூக நிலையம். யாழ்தேவி 2014இல் மீண்டும் ஓடத் தொடங்கியும் இறங்குவதற்கு ஆட்கள் குறைவு.

அங்கே இலவச பிரஷர் கிளினிக் ஒன்று தொடங்கினோம். சனிக்கிழமை காலை ஒன்பது மணி என்று நாமே தீர்மானித்து, நாமே நோட்டீஸ் ஒட்டினோம். முதல் நாள் வந்தவர்கள் ஏழு பேர். அதில் மூவர் எம்முடைய சொந்தக்காரர்.

பிழை எங்கே என்று தேடியபோதுதான் பெங்களூர்க் கதை ஒன்று நினைவுக்கு வந்தது. 2012இல் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர், ஒரு வகுப்பு வேலைக்காக, டாக்டர் தேவி செட்டி நிறுவிய நாராயண ஹிருதயாலயா மருத்துவமனைக்குப் போனார்கள். நோயாளிகளைப் பார்க்கப் போனவர்களின் கண்ணில் பட்டது, தாழ்வாரத்தில் நாட்கணக்காகக் காத்துக் கிடந்த குடும்பத்தினர். வீட்டுக்குப் போனபின் காயத்தை எப்படிப் பராமரிப்பது, எந்த அறிகுறிக்குப் பயப்பட வேண்டும் என்பதை அந்தக் குடும்பங்களுக்கே கற்றுக் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். நூரா ஹெல்த் என்ற பெயரில் அது பின்னர் வங்காளதேசம், இந்தோனேசியா வரை போனது. புதிய மருந்தோ இயந்திரமோ இல்லை. இதைச் சேவை வடிவமைப்பு என்கிறார்கள். வீட்டுப் படலையால் வெளிக்கிட்டுத் திரும்பி வரும்வரை ஒருவருக்கு நடப்பதெல்லாம் சிகிச்சையின் பகுதிதான் என்பது அதன் கருத்து. எமக்கு இதை எவரும் படிப்பிக்கவில்லை.

ஆகவே நாமும் மாணவரைக் கூப்பிட்டோம். எமது பாடசாலையின் உயர்தர மாணவியர், விடுமுறைக்கு வந்திருந்த ரொறன்ரோப் பிள்ளைகள், மருத்துவபீடத்தில் படிக்கும் தென்பகுதி மாணவர்கள். 1978இல் தொடங்கிய எமது மருத்துவபீடத்துக்கு இன்று தீவின் எல்லாத் திசையிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள் என்பதை வெளிநாட்டிலிருக்கும் பலர் அறியார். மூன்று மொழி பேசும் கூட்டம். முதல் வாரம் மொழிபெயர்ப்பிலேயே போனது. கனடாப் பிள்ளைகளின் தமிழைவிட மாத்தறைப் பிள்ளையின் தமிழ் நன்றாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவர்களை எதையும் திருத்த விடவில்லை. ஒரு முதியவரோடு ஒருநாள் முழுவதும் கூடவே போங்கள் என்று மட்டும் சொன்னோம். இருள் விடியுமுன் எழும்பி, ஓட்டோவுக்குக் காசு தேடி, நம்பர் எடுத்து, மத்தியானம் மருந்துப் பையோடு திரும்பும்வரை போனார்கள். ரொறன்ரோப் பிள்ளை ஒருத்தி கண்டுபிடித்ததை நாம் இத்தனை வருட அனுபவத்தில் கவனித்ததில்லை. ஆச்சிமார் மாத்திரையைப் பெயரால் அறிவதில்லை, நிறத்தால் அறிகிறார்கள். மருந்து தரும் கொம்பனி மாறினால் நிறமும் மாறும். சிலர் புதியதைப் பயந்து நிறுத்துகிறார்கள். சிலர் பழையதையும் புதியதையும் சேர்த்தே போடுகிறார்கள். "மருந்து ஒழுங்காக எடுப்பதில்லை" என்று கொப்பியில் எழுதி ஏசி அனுப்பியவர்கள் நாம்.

இப்போது கிளினிக் பின்னேரம் நான்கு மணிக்கு, வெயில் தாழ்ந்தபின் நடக்கிறது. பழைய மாத்திரைப் பெட்டியையும் கொண்டுவரச் சொல்கிறோம். கொப்பியில் சூரியனும் சந்திரனும் கீறி, பக்கத்தில் அந்த மாத்திரையையே ஒட்டிக் கொடுக்கிறார்கள் பிள்ளைகள். காத்திருப்பவர்களுக்கென்று சனசமூக நிலையத்துக்குப் பேப்பர் போட்டோம். பேப்பருக்காகவே வரும் தாத்தாமாரும் உண்டு. பிரஷர் பார்க்க மாட்டார்களாம்.

எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்ல முடியாது. செம்மணிப் பக்கம் ஓர் ஆச்சி. 1996இல் சைக்கிளில் வெளிக்கிட்ட மகன் இன்னும் வரவில்லை. மாத்தறைப் பிள்ளை படலையடியில் வணக்கம் சொன்னதும் அவ எம்மைப் பார்த்து, "பிள்ளை, நீ உள்ளுக்கு வா. அவ வெளியில நிக்கட்டும்" என்றா. பிள்ளைக்கு விளங்கிவிட்டது. ஆச்சியைச் சமாதானப்படுத்த எமக்கு வாய் வந்தது; அடக்கிக்கொண்டோம். அந்தப் பிள்ளையை அங்கே கூட்டிக்கொண்டு போனதே எமது அவசரம்.

ஆனால் அடுத்த வாரமும் அவள் தானாகவே வந்தாள், வெளியிலேயே நின்றாள். மூன்றாம் வாரம் ஆச்சி ஒரு தேத்தண்ணியை எம்மிடம் தந்து, "வெயிலுக்குள்ள நிக்குது, குடு" என்றா. பிறகு ஒருநாள் போனபோது படலைக்கு வெளியே, வேம்பின் கீழே ஒரு வாங்கு கிடந்தது. இப்போது ஆச்சி அதிலே வந்திருந்து பிரஷர் பார்ப்பிக்கிறா. கையை நீட்டுவது அந்தப் பிள்ளையிடம்தான். வீட்டுக்குள் அவளை இன்னும் கூப்பிடவில்லை.

மலரில் இதை வாசிக்கும் சகோதரிகளிடம் ஒன்று கேட்கிறோம். மாரிக்கு எமக்கு ஒரு கூரை வேண்டும். சனசமூக நிலையம் ஒழுகுகிறது. அரியாலையில் உங்கள் வீடு பூட்டிக் கிடக்குமானால், விறாந்தையை மட்டும் சனிக்கிழமைப் பின்னேரங்களில் திறந்து தாருங்கள். கூட்டித் துப்புரவாக்கித் திருப்பிப் பூட்டுவது எமது பொறுப்பு.