மூச்சு விடும் கட்டடங்கள்



தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ஆம் ஆண்டில். நான் அதைக் கண்டவன் அல்லன். பெரியவர்கள் சொல்லக் கேட்டவன். கல்லைத் துணையாகக் கொண்டு முத்துப் பாரில் இறங்குபவர், மூச்சை அடக்கிச் சிப்பிகளை வாரிக்கொண்டு கயிற்றை அசைப்பார்; தோணியில் இருப்பவர் உடனே மேலே இழுத்துவிடுவார். அடக்கிய மூச்சுக்கு ஓர் எல்லை உண்டென்பதை அவர்கள் மறந்ததில்லை. நான் ஒருமுறை மறந்தேன்.

தலைமையாசிரியராக இருந்த நாளில், பள்ளியின் கணிப்பொறி அறையில் குளிர்சாதனம் பொருத்தினோம். குளிர்ச்சி வீணாகலாகாது என்று சன்னல் இடுக்குகளையெல்லாம் காகிதம் ஒட்டி அடைக்கச் சொன்னேன். பிற்பகல் வகுப்பில் பிள்ளைகள் தூங்கி வழிந்தார்கள். சோம்பேறிகள் என்று கடிந்துகொண்டேன். பிழை என்னுடையது. அச்சாதனம் அறைக்குள் இருந்த காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்வித்ததேயன்றிப் புதுக்காற்றைக் கொண்டுவரவில்லை. நாற்பது பேர் விட்ட மூச்சையே நாற்பது பேரும் இழுத்துக்கொண்டிருந்தார்கள். வெளிக்காற்றில் கரியமில வாயு பத்து லட்சம் பங்கில் சுமார் 420 பங்கு. அடைத்த வகுப்பறையில் அது விரைவிலேயே ஆயிரத்தைத் தாண்டிவிடும். அடைபட்ட காற்று நோயையும் பரப்பும் என்பதை 2020-இல் உலகம் முழுவதும் உணர்ந்தது.

"அப்படியானால் சன்னலைத் திறந்துவிடலாமே?" என்பீர்கள். திறக்கலாம். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கடற்கரை நகரில் ஒரு நாள் வெளியே 35 டிகிரி உஷ்ணம், 60 சதவிகித ஈரப்பதம் என்று கொள்வோம். அக்காற்றில் ஒரு கிலோவுக்குச் சுமார் 21 கிராம் நீராவி இருக்கும். அலுவலகத்தினுள் நாம் விரும்புவது 25 டிகிரியும் சுமார் 10 கிராம் நீராவியும். அந்தப் பத்து டிகிரியைக் குறைக்க ஏறக்குறைய 10 கிலோஜூல் உஷ்ணத்தை நீக்கினால் போதும். 11 கிராம் ஆவியை நீராக்கி அகற்றவோ சுமார் 27 கிலோஜூலை நீக்க வேண்டும். காரணம் நம் உப்பளங்களில் இருக்கிறது. பாத்தியிலுள்ள நீர் ஆவியாகும்போது வெயிலின் உஷ்ணத்தை விழுங்குகிறது. அந்த ஆவி மீண்டும் நீராகும்போது விழுங்கியதைத் திருப்பித் தருகிறது. ஆகவே நம் கரையில் குளிர்சாதனத்தின் பெரிய சுமை வெயிலைவிடப் புழுக்கமே.

இந்தச் சுமையைக் குறைப்பதற்கென்றே பெரிய கட்டடங்களில் ஆற்றல் மீட்புக் காற்றோட்டக் கருவியை அமைக்கிறார்கள். அதன் ஒருவகையில் அலுமினியத் தகட்டாலான சக்கரம் ஒன்று உண்டு; தேனடைபோல் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் கொண்டது. அதன்மேல் சிலிக்கா ஜெல் போன்ற, ஈரத்தை உறிஞ்சும் பொருளைப் பூசியிருப்பார்கள். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? ஈரத்தைப் பிடிக்கும் அந்தக் குணம் இங்கே பயன்படுகிறது.

சக்கரம் நிமிடத்துக்கு இருபது சுற்று என்ற அளவில் மெல்லச் சுழலும். ஒரு பாதி வழியாக அறையின் பழைய காற்று வெளியேறும். அது அழுக்குக் காற்றே ஆயினும் குளிர்ந்தது, வறண்டது. ஆதலால் சக்கரத்தைக் குளிர்வித்து உலர்த்திவிட்டுப் போகும். அந்தப் பகுதி மறுபக்கம் திரும்பியதும், உள்ளே வரும் வெளிக்காற்று தன் உஷ்ணத்தையும் ஈரத்தையும் அதனிடம் இழக்கும். சக்கரம் 70 சதவிகிதத் திறனோடு இயங்கினால், 35 டிகிரிக் காற்று 28 டிகிரியாகவும், 21 கிராம் நீராவி சுமார் 13 கிராமாகவும் குறைந்து வரும். எஞ்சியதை மட்டும் குளிர்சாதனம் செய்தால் போதும். வேறொரு வகையில் சக்கரம் இல்லை. மெல்லிய சவ்வுகளின் இருபுறமும் இரு காற்றுகளும் ஓட, உஷ்ணமும் ஆவியும் சவ்வைக் கடந்து செல்லும்.

இச்சக்கரத்தின் மூதாதை கொதிகலனைச் சேர்ந்தது. சுவீடன் நாட்டு ஃபிரெட்ரிக் யுங்ஸ்ட்ரோம் என்ற பொறியாளர் 1920-ஆம் ஆண்டளவில் அதனை அமைத்தார். புகைபோக்கிக்குச் செல்லும் புகையின் உஷ்ணத்தைச் சுழலும் தகடுகள் வாங்கி, அடுப்புக்கு வரும் காற்றிடம் கொடுத்தன. நிலக்கரியை எரிக்கும் பெரிய அனல் மின் நிலையங்களில் இவ்வகைச் சக்கரங்கள் சுழல்கின்றன. நம் இராணிப்பேட்டையிலுள்ள பாரத மிகுமின் நிறுவனத்தின் ஆலையில் அவை செய்யப்படுகின்றன.

குறைகளையும் சொல்ல வேண்டும். சக்கரத்தினூடே காற்றைத் தள்ள விசிறிகளுக்கு அதிக மின்சாரம் தேவை. பழைய காற்றில் சிறிதளவு புதுக்காற்றுடன் திரும்பிவிடும். எனவே கழிப்பறைக் காற்றை இதில் விடலாகாது. உப்புக் காற்று தகட்டை அரிக்கும். வடிகட்டியும் பாதுகாப்புப் பூச்சும் அவசியம். வெளிக்காற்றே இதமாக இருக்கும் மார்கழி விடியலில் சக்கரத்தை நிறுத்திவிடுவதே சிக்கனம்.

வ.உ.சி. துறைமுகத்தில் கப்பல் கப்பலாக நிலக்கரி இறங்குகிறது. அருகிலேயே 1979-இல் உற்பத்தி தொடங்கிய தூத்துக்குடி அனல் மின் நிலையம் நிற்கிறது. நாம் வீணாக வெளியேற்றும் குளிர்ச்சி ஒவ்வொன்றின் பின்னும் ஒரு பிடி நிலக்கரி இருக்கிறது. ஆயினும் அதைச் சேமிப்பதற்காக மனிதரின் மூச்சை அடைக்கலாகாது. இரண்டையும் ஒருங்கே காக்க வழி உண்டு என்பதே இச்சக்கரம் தரும் பாடம். அதை அன்றே அறிந்திருந்தால், அந்தப் பிள்ளைகளைக் கடிந்திருக்க மாட்டேன்.