அன்றாட வாழ்வில் தசமக் கணக்கு

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் பெற்றோர்களுக்காக ஆற்றிய உரை)

 

பரிசு வாங்கப் போகும் நேரத்தில் கணக்கு டீச்சர் எழுந்து பேசினால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஆகவே சுருக்கமாகவே பேசுகிறேன்.

"எங்களுக்குத் தசமமெல்லாம் தெரியாதுங்க டீச்சர்" என்று பெற்றோர் பலர் என்னிடம் சொல்வதுண்டு. அவர்களே அடுத்த வாயில், "வேலை முக்காலே மூணு வீசம் முடிஞ்சிருச்சு" என்பார்கள்! வீசம் என்றால் பதினாறில் ஒரு பங்கு. முக்காலோடு மூன்று வீசம் சேர்ந்தால் பதினாறில் பதினைந்து. அதைத் தசமத்தில் எழுதினால் 0.9375. கால் என்பது 0.25, அரைக்கால் என்பது 0.125. நம் பாட்டன்மார் வாயிலேயே வைத்திருந்த கணக்கைத்தான் பிள்ளைகள் இன்று புள்ளி வைத்து எழுதுகிறார்கள்.

அந்தப் புள்ளிக்குப் பின்னால் நிற்பது எது என்று கேட்கத் தெரிந்தால் போதும். பிள்ளைகள் தடுக்கி விழுவது அங்கேதான். கடையில் ஒரு கிலோ ஐம்பது கிராம் இறால் வாங்குகிறோம். தராசு 1.050 என்று காட்டுகிறது. பையன் நோட்டில் 1.50 என்று எழுதுகிறான். கிலோ 38 வெள்ளி என்றால் சரியான விலை 39.90. இவன் கணக்கிலோ 57 வெள்ளி! "ஐம்பது காசை .50 என்றுதானே எழுதுகிறோம்?" என்று கேட்கிறான். கேள்வி நியாயமானதே. நூறு காசு ஒரு வெள்ளி. ஆனால் ஆயிரம் கிராம் ஒரு கிலோ. கிராமுக்கு மூன்று இடம் வேண்டும்.

இதைவிடப் பொல்லாதது நேரக் கணக்கு. எனக்குத் தெரிந்த ஒரு தாயார், தோட்டத்து வேலைக்காரர், தம் சம்பளச் சீட்டை மகளிடம் காட்டினார். ஐந்தாம் ஆண்டில் படிக்கும் பெண். ஓவர்டைம் 2 மணி 30 நிமிடம் என்பது சீட்டில் 2.30 என்று இருந்தது. அதை அப்படியே பெருக்கியும் விட்டார்கள். அறுபது நிமிடம் ஒரு மணி. முப்பது நிமிடம் அரை மணி. ஆகவே அது 2.5 அல்லவா?

எவ்வளவு வித்தியாசம் என்று பார்ப்போம். 2025ஆம் ஆண்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆனது. அதை 26ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 65.38. எட்டு மணி நேர வேலைக்கு, மணிக்கு 8.17. சாதாரண வேலை நாளில் ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 8.17 × 1.5, கிட்டத்தட்ட 12.26 வெள்ளி. 2.5 மணிக்கு 30.65 வர வேண்டும். 2.30 என்று பெருக்கினால் 28.20தான் வரும். ஒரு நாளைக்கு 2.45 குறைகிறது. மாதத்தில் பன்னிரண்டு நாள் அப்படி வேலை செய்திருந்தால் 29.40! யாரும் வேண்டுமென்று செய்ததாக நான் சொல்லவில்லை. மகள் எழுதிக் கொடுத்த தாளைத் தாயார் ஆபீசில் கிராணியிடம் காட்டினார். அவர் பார்த்துவிட்டு, பேசாமல் திருத்திக் கொடுத்தார்.

வழி எளிது. நிமிடத்தை 60ஆல் வகுங்கள். 15 நிமிடம் 0.25, 45 நிமிடம் 0.75, ஆறு நிமிடம் 0.1. சேமநிதிக்குப் பிடிக்கும் 11 விழுக்காட்டையும் இப்படியே சரிபார்க்கலாம். 1,700 × 0.11 = 187 வெள்ளி. ஓவர்டைம் பணத்துக்குச் சேமநிதி பிடிப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொன்று. பெருக்குவதற்கு முன்னால், விடை ஏறக்குறைய எவ்வளவு வரும் என்று மனதில் ஒரு மதிப்புப் போடச் சொல்லுங்கள். பால்மரம் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர் 24.5 கிலோ பால் விற்கிறார். அதில் உலர்ந்த ரப்பர் 32 விழுக்காடு. மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. எட்டு கிலோவை ஒட்டி வர வேண்டும். 24.5 × 0.32 = 7.84. சரிதான். என் வகுப்பில் ஒருவன் 78.4 என்று எழுதினான். "ஏம்ப்பா, வாளியிலே ஊத்தின பாலைவிட ரப்பர் கூட வருமா?" என்றேன். வகுப்பே சிரித்தது, அவனும் சிரித்துக்கொண்டே புள்ளியை நகர்த்தினான். கால்குலேட்டர் பிழையில்லாமல் பெருக்கும். ஆனால் தட்டும்போது புள்ளியை விட்டுவிட்டால் அது எச்சரிக்காது.

கடை பில்லைப் பற்றியும் சிலர் கேட்டிருந்தீர்கள். 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கமாகக் கட்டும் மொத்தத் தொகையை அருகிலுள்ள ஐந்து காசுக்குத் திருத்துகிறார்கள். 23.47 என்றால் 23.45, 23.48 என்றால் 23.50. ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனியாகத் திருத்தக் கூடாது. கடைசிக் கூட்டுத்தொகைக்கு மட்டுமே. கார்டில் கட்டினால் அதுவும் கிடையாது.

பிள்ளைகள் கொண்டுவந்த தராசுச் சீட்டுகளும் கடை பில்களும், அவர்கள் போட்ட கணக்குகளோடு ஐந்தாம் ஆண்டு வகுப்பறைச் சுவரில் ஒட்டப்பட்டுள்ளன. தேநீருக்குப் போகும் வழிதான். ஒரு நடை எட்டிப் பாருங்கள். எங்கேனும் புள்ளி தவறியிருந்தால் பக்கத்தில் பென்சில் இருக்கிறது, வட்டம் போட்டு வையுங்கள்.